கிரியேட்டினின் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகி கேள்வி:

"டாக்டருக்கு வணக்கம். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, விவசாயம். 16 வருடமாக சுகர், பத்து வருடமாக பிரஷர். டெல்மிசார்டன் போடுகிறார். யூரினில் புரோட்டீன் போகிறது என்று தஞ்சாவூரில் ஒரு கிட்னி டாக்டரிடம் காட்டினோம். அவர் டாபாகிளிஃப்ளோசின் 10 சேர்த்தார், 'இது சுகருக்கு இல்லை, கிட்னிக்கு' என்றார். மூன்று வாரம் கழித்து டெஸ்ட் எடுத்தால் 1.6 இருந்த கிரியேட்டினின் 1.8 ஆகிவிட்டது. யூரினில் சுகர் நாலு பிளஸ். மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் சித்தப்பா, 'சுகர் மாத்திரை கிட்னியை அடித்துவிட்டது, முதலில் நிறுத்து' என்கிறார். நாலு நாளாக அப்பா போடவில்லை. அடுத்து டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் இருக்கிறது. நெட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்கள் என்கிறார்களே, அதை நம்பி அப்பாவை ஒப்படைக்கலாமா? ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்."

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் டாபாகிளிஃப்ளோசினை நிறுத்தும்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் காத்திருக்க வேண்டாம். தஞ்சாவூர் டாக்டருக்கு இன்றே போன் செய்து, 1.6 இப்போது 1.8 ஆகியிருப்பதையும் நான்கு நாளாக மாத்திரை போடாததையும் சொல்லுங்கள். அப்பாவுக்கு வாந்தி, பேதி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மறுபடி ஆரம்பிக்கத்தான் சொல்வார் என்று நினைக்கிறேன். நிறுத்த வேண்டிய மாத்திரை ஒன்று உங்கள் போட்டோக்களில் இருக்கிறது. அது வேறு சீட்டில் இருக்கிறது, பின்னால் அதற்கு வருகிறேன்.

சித்தப்பாவின் மேல் வருத்தப்படாதீர்கள். மருந்து ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில், கிட்னி வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறினால் மருந்தைச் சந்தேகிப்பது நியாயமான யோசனைதான். கிட்னி குறையக் குறைய அளவைக் குறைக்க வேண்டிய சுகர் மாத்திரைகளும் உண்டு. மெட்ஃபார்மின் அப்படிப்பட்டது. அவர் கடையில் அதைத்தான் தினமும் பார்த்திருப்பார். ஆனால் இந்த மருந்து வேலை செய்யும் விதம் வேறு. அது புரிந்தால் 1.8 ஏன் வந்தது என்பதும் புரிந்துவிடும். அப்பா டெல்டா விவசாயி என்பதால் அவருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் படித்துக் காட்டுங்கள்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு பாசன வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் தலைப்பில் மெல்லிய ரத்தக்குழாய்கள் முடிச்சு போலச் சுருண்டிருக்கும், அதுதான் வடிகட்டி. ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். உள்ளே வரும் குழாயைத் தலைமதகு என்று சொல்லலாம். இரண்டு சிறுநீரகத்திலும் சேர்த்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீர் வடிகிறது. சிறுநீராக வெளியே வருவது ஒன்றரை லிட்டர்தான். மீதி அத்தனையும் வழியிலேயே திரும்ப உடம்புக்குள் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சர்க்கரையும் அப்படியே. சுகர் இல்லாதவர் உடம்பிலும் ஒரு நாளைக்கு 180 கிராம் குளுக்கோஸ் வடிந்து வருகிறது, ஒரு துளி வீணாகாமல் திரும்பிப் போகிறது. அதில் 90 சதவீதத்தைத் திரும்ப இழுப்பது வாய்க்காலின் ஆரம்பத்தில் இருக்கும் எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதம். அது குளுக்கோஸை மட்டும் தனியாக இழுக்காது. ஒவ்வொரு குளுக்கோஸோடும் ஒரு சோடியத்தை, அதாவது உப்பை, சேர்த்தே இழுக்கும்.

இனி கடைமடைக்கு வருவோம். இந்த வாய்க்கால் கீழே இறங்கி, வளைந்து, மறுபடி மேலே ஏறித் தன்னுடைய தலைமதகையே வந்து தொட்டுவிட்டுப் போகிறது. படிக்கிற காலத்தில் நுண்ணோக்கியில் இதை முதலில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. தொடும் இடத்தில் மாக்குலா டென்சா என்ற சில செல்கள், மதகுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. கடைமடைக்கு எவ்வளவு உப்பு வந்து சேர்கிறது என்று பார்ப்பதுதான் அவற்றின் வேலை. உப்பு நிறைய வந்தால் மேலே அளவுக்கு மீறி வடிகிறது என்று மதகைக் கொஞ்சம் இறக்கும். குறைவாக வந்தால் மேலே தண்ணீர் போதவில்லை என்று மதகைத் தூக்கும்.

சுகர்காரருக்கு என்ன ஆகிறது? வடியும் நீரில் சர்க்கரை அதிகம். எஸ்.ஜி.எல்.டி.2 அதிகமாக வேலை செய்து சர்க்கரையை இழுக்கிறது, கூடவே உப்பையும் தலைப்பிலேயே இழுத்துவிடுகிறது. கடைமடைக்கு உப்பு வந்து சேர்வதில்லை. மதகுக்காரர் ஏமாந்துபோய், ஆற்றில் தண்ணீர் இல்லை என்று எண்ணித் தலைமதகை முழுக்கத் தூக்கிவிடுகிறார். வடிகட்டிக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் சுகர் வந்த ஆரம்ப வருடங்களில் பலருக்குக் கிட்னி சாதாரணத்தைவிட அதிகமாக வடிக்கும், கிரியேட்டினின் 0.6, 0.7 என்று அழகாக இருக்கும். 'கிட்னி சூப்பராக இருக்கிறது' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். உள்ளே கரை உடைந்துகொண்டிருக்கும். அந்த அழுத்தத்தில் ஆல்புமின் கசிய ஆரம்பிக்கிறது, நீங்கள் சொல்லும் புரோட்டீன் அதுதான். பிறகு வடிகட்டிகள் ஒவ்வொன்றாகத் தழும்பேறி மூடுகின்றன. மூடியவற்றின் வேலையும் மிஞ்சியிருப்பவற்றின் தலையில் விழுகிறது. அவற்றில் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பேரி பிரென்னர் என்பவரின் குழு 1980-களின் தொடக்கத்தில் எலிகளை வைத்து இந்தச் சுழலைக் காட்டியது. சுகர் கட்டுக்குள் வந்த பிறகும் கிட்னி ஏன் தேய்ந்துகொண்டே போகிறது என்ற கேள்விக்கு நல்ல பதில் அங்கேதான் கிடைத்தது.

டாபாகிளிஃப்ளோசின் எஸ்.ஜி.எல்.டி.2-ஐ அடைக்கிறது. சர்க்கரையும் உப்பும் கீழே போகின்றன. கடைமடைக்கு உப்பு வந்து சேர்ந்ததும் மதகு இறங்குகிறது, வடிகட்டியின் அழுத்தம் தணிகிறது. அழுத்தம் தணிந்தால் ஒரு நிமிடத்துக்கு வடியும் அளவும் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவுதான் ரிப்போர்ட்டில் 1.8 என்று தெரிகிறது. அப்பா இத்தனை வருடமாகப் போடும் டெல்மிசார்டன் இதே வேலையை மறுபக்கத்தில் செய்கிறது, வெளியே போகும் குழாயை விரித்து அழுத்தத்தை இறக்குகிறது. அதை ஆரம்பித்தபோதும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

யூரினில் சுகர் நாலு பிளஸ் வந்ததற்குக் கவலையே வேண்டாம். சர்க்கரையைச் சிறுநீரில் விடுவதுதானே இந்த மருந்தின் வேலை. இதைப் போடும் வரை எந்த லேபில் கொடுத்தாலும் அப்படித்தான் வரும். இந்த மருந்தின் மூதாதை ஃப்ளோரிசின் என்ற பொருள். 1835-ல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியில் ஃபான் மேரிங் என்பவர் அதை நாய்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை வந்தது. பிறவியிலேயே எஸ்.ஜி.எல்.டி.2 சரியாக வேலை செய்யாத சில குடும்பங்களும் உலகில் உண்டு. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், சிறுநீரில் மட்டும் வாழ்நாள் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அவர்களுக்கு அதனால் கிட்னி கெடுவதில்லை. இந்த வழியை அடைத்தால் ஆபத்து இருக்காது என்ற தைரியம் ஆராய்ச்சியாளர்களுக்கு வந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். சித்தப்பாவும் நீங்களும் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். மூன்றாவது போட்டோவில், அடியில், பாதி நிழல் விழுந்த கடைசி வரியைப் பாருங்கள். ஆல்புமின் கிரியேட்டினின் விகிதம் 410 என்று இருக்கிறது. மருந்துக்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் அதே வரி 620. மூன்றே வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு கசிவு குறைந்திருக்கிறது. அழுத்தம் தணிந்திருக்கிறது என்று அந்த வரி சொல்கிறது. உங்கள் வீட்டில் யாருமே அதைப் படிக்காமல் நான்கு நாள் மாத்திரையை நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

1.6, 1.8 என்பதை வயதோடு சேர்த்து, கிட்னி ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிக்கிறது என்ற ஜி.எஃப்.ஆர். கணக்குக்கு மாற்றினால், 49 இருந்தது 42 ஆகியிருக்கிறது. ஏறக்குறைய 14 சதவீத இறக்கம். ஆரம்பத்தில் 30 சதவீதம் வரை இறங்குவதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், அதற்கு மேல் போனால்தான் வேறு காரணம் தேடுவோம். இதே குடும்பத்தைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசினை வைத்து நடந்த கிரெடென்ஸ் என்ற ஆய்வு 2019-ல் வெளிவந்தது. 4,401 பேர், எல்லோரும் சுகரும் கிட்னி பாதிப்பும் உள்ளவர்கள், எல்லோரும் அப்பாவைப் போல ஏற்கெனவே பிரஷர் மாத்திரையில் இருந்தவர்கள். அதில் மருந்து எடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஜி.எஃப்.ஆர். இறங்கியிருந்தது. அதாவது உங்கள் அப்பாவுக்கு நடந்தது கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நடந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். முதல் மூன்று வாரம் கழிந்தபின், வெறும் மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை) எடுத்தவர்களுக்கு ஜி.எஃப்.ஆர். வருடத்துக்குச் சராசரி 4.6 என்ற வேகத்தில் இறங்கியது. மருந்து எடுத்தவர்களுக்கு 1.85 தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 49-லிருந்து வருடம் 4.6 இறங்கினால் எட்டரை வருடத்தில் 10-க்கு வந்துவிடும், டயாலிசிஸ் பேச்சு எடுக்க வேண்டிய இடம் அது. 42-லிருந்து வருடம் 1.85 இறங்கினால் அதே இடத்துக்கு வர 17 வருடம். இது சராசரியை வைத்துப் போட்ட கணக்கு, அப்பாவுக்கு ஜாதகம் கணிக்கவில்லை. ஆனால் முதல் மாதம் 7 புள்ளி இறங்கியதைப் பார்த்துவிட்டு மருந்தை நிறுத்துகிறவர் எதை இழக்கிறார் என்று இதில் தெரியும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. ஆராய்ச்சியை நம்பலாமா? எந்த ஆராய்ச்சியை என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும். இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டேன்.

2005 வாக்கில் நான் சிறுநீரகப் பிரிவில் பயிற்சியில் இருந்தேன். அப்போது பிரஷர் மாத்திரைகளில் ராமிப்ரில் வகையையும் டெல்மிசார்டன் வகையையும் சேர்த்தே கொடுப்போம். இரண்டும் வடிகட்டியின் அழுத்தத்தைக் குறைக்கும், ஒன்றைவிட இரண்டு நல்லது என்பது எங்கள் கணக்கு. 2003-ல் லான்செட் பத்திரிகையில் ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வும் அப்படியே சொன்னது. யூரின் புரோட்டீன் மளமளவென்று இறங்கும். நோயாளியிடம் அந்த எண்ணைக் காட்டி, 'பார்த்தீர்களா, நல்லா இருக்கிறது' என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். மனதார நம்பிச் சொன்னேன்.

2008-ல் ஆன்டார்கெட் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 25,000-க்கும் மேற்பட்டவர்கள். ராமிப்ரில் மட்டும், டெல்மிசார்டன் மட்டும், இரண்டும் சேர்த்து என்று மூன்று பிரிவு. இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்குப் புரோட்டீன் கசிவு கட்டுப்பட்டது உண்மை. ஆனால் டயாலிசிஸ், கிரியேட்டினின் இரட்டிப்பாவது, மரணம் ஆகியவற்றைச் சேர்த்து எண்ணினால் அவர்கள்தான் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அந்த ஜப்பான் கட்டுரையை 2009-ல் பத்திரிகையே திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த வருடம் நான் பழைய நோட்டை எடுத்து வைத்து, இரண்டு மாத்திரையும் எழுதிக்கொடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒன்றை நிறுத்தினேன். சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கும் அந்த நினைப்பு எனக்கு உண்டு.

இதைவிடக் கொடுமையான கதை பார்டாக்சலோன் என்ற மருந்துடையது. 2011-ல் வந்த ஆய்வில் அந்த மருந்து ஜி.எஃப்.ஆரை நிஜமாகவே உயர்த்தியது. தேய்ந்துகொண்டே போகும் எண்ணை மேலே ஏற்றும் மருந்து! எங்கள் துறையே கொண்டாடியது. உடனே 2,185 பேரை வைத்து பீக்கன் என்ற பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 2012 அக்டோபரில் பாதியில் நிறுத்தினார்கள். இதயம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் அதில் இறந்தவர்களும் மருந்துப் பிரிவில் 96 பேர், வெறும் மாத்திரைப் பிரிவில் 55 பேர். ஜி.எஃப்.ஆர். மட்டும் கடைசி வரை அழகாகத்தான் இருந்தது.

ஆகவே ஓர் ஆய்வைக் காட்டினால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எத்தனை பேருக்கு ரிப்போர்ட் சரியானது என்று சொல்கிறார்களா, எத்தனை பேர் டயாலிசிஸுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார்கள், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று சொல்கிறார்களா?

உங்கள் அப்பாவின் மருந்துக்கு அந்தப் பதில் இருக்கிறது. டாபா சி.கே.டி. என்ற ஆய்வு, 2020-ல் வெளிவந்தது. 4,304 பேர், மூன்றில் இரண்டு பங்கு சுகர் உள்ளவர்கள், ஒரு பங்கு சுகரே இல்லாத கிட்னி நோயாளிகள். பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசின் 10, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கிட்னி வேலை பாதியாகக் குறைவது, டயாலிசிஸ் நிலைக்குப் போவது, கிட்னியாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவற்றை எண்ணினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடத்தில் வெறும் மாத்திரைப் பிரிவில் 312 பேர், மருந்துப் பிரிவில் 197 பேர். எந்தக் காரணத்தாலும் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் அங்கே 146, இங்கே 101. பலன் தெளிவாகத் தெரிந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே ஆய்வை முடித்தார்கள். 19 பேர் இந்த மாத்திரையைப் போட்டால், அந்தக் காலத்துக்குள் அவர்களில் ஒருவர் இந்தக் கஷ்டங்களில் ஒன்றிலிருந்து தப்புகிறார். எங்கள் துறையில் இது பெரிய எண். சுகர் இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. 'இது கிட்னிக்கு' என்று உங்கள் டாக்டர் சொன்னது அதனால்தான். பிறகு 2022-ல் எம்பாகிளிஃப்ளோசினை வைத்து 6,609 பேரிடம் நடந்த ஆய்வும் அதே திசையில்தான் முடிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே நான் சொன்ன மதகுக் கதை டைப் 1 சுகர்காரர்களிடம் அளந்து பார்த்ததற்குப் பொருந்துகிறது. டைப் 2 உள்ளவர்களிடம் டாபாகிளிஃப்ளோசின் கொடுத்து அளந்தபோது, உள்ளே வரும் குழாய் சுருங்குவதைவிட வெளியே போகும் குழாய் விரிவதுதான் தெரிந்தது. எந்த மதகு எவ்வளவு என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எப்படியானாலும் வடிகட்டியின் அழுத்தம் இறங்குகிறது என்பதில் சண்டை இல்லை. அந்த விவாதம் நாளை எந்தப் பக்கம் முடிந்தாலும் 312, 197 என்ற எண்கள் மாறப்போவதில்லை. அப்பாவை ஒப்படைக்கலாமா என்று கேட்டீர்களே, என் அப்பாவாக இருந்தால் இந்த எண்களை நம்பித்தான் கொடுப்பேன்.

இப்போது அந்த நிறுத்த வேண்டிய மாத்திரை. நான்காவது போட்டோவில் இருப்பது எலும்பு டாக்டர் சீட்டு, போன வருடத் தேதி. முழங்கால் வலிக்கு அசெக்ளோஃபெனாக், 'வலி இருந்தால்' என்று எழுதியிருக்கிறது. நடவும் அறுப்பும் பார்க்கிற 61 வயதுக்காரருக்கு வலி இல்லாத நாள் எது? சீட்டு பழசானாலும் கடையில் அட்டை அட்டையாகக் கிடைக்கும், அதுவும் கடை சொந்தக்காரருடையது. அப்பாவிடம் கோபப்படாமல் கேளுங்கள், வாரத்துக்கு எத்தனை போடுகிறார் என்று.

இந்த வலி மாத்திரைகள் தலைமதகைத் திறந்துவைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையே தடுத்துவிடும். டெல்மிசார்டன் வெளியேறும் பக்கத்தைத் திறந்துவைத்திருக்க, இது உள்ளே வரும் பக்கத்தை மூட, சித்திரை வெயிலில் வியர்த்து உடம்பில் நீரும் வற்றியிருந்தால், வடிகட்டிக்கு ரத்தமே சரியாகப் போகாது. சில நாளில் கிட்னி படுத்துவிடும். கிரியேட்டினின் ஏறுவது இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் அங்கே வடிகட்டி இளைப்பாறுகிறது, இங்கே பட்டினி கிடக்கிறது. உங்கள் 1.8-ல் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஆகவே போனில் பேசும்போது டாக்டரிடம் இதை முதலில் சொல்லுங்கள். வலிக்குப் பாரசிட்டமால், முழங்காலைத் தாங்கும் பயிற்சிகள் என்று அவர் வழி சொல்வார்.

டாபாகிளிஃப்ளோசினையும் நிறுத்திவைக்க வேண்டிய நாட்கள் உண்டு. வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வேண்டாம், சரியாகிச் சாப்பிட ஆரம்பித்தபின் போடலாம். ஏதாவது ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும், ஆனால் அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஏகாதசி விரதம், நீண்ட பட்டினி இருக்கிற வழக்கம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பேலியோ உணவு முறையை மட்டும் யார் சொன்னாலும் இந்த மாத்திரையோடு தொடங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். இதே வகை மாத்திரை, யாரிடமும் கேட்காமல் பேலியோ. மூன்று நாளாக வாந்தி, வயிற்றுவலி. வேறோர் இடத்தில் கேஸ் டிரபிள் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள், ஏனென்றால் விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 168 தான். என் அறைக்குள் சக்கர நாற்காலியில் வந்தபோது நெஞ்சு ஏறி இறங்க, ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் நிரம்பியிருந்தது. சுகர் ஏறாமலேயே வரும் கீட்டோ அசிடோசிஸ் அது. ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். அரிதாக நடப்பதுதான். 2015-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. சுகர் நார்மல் என்று யாராவது சமாதானம் சொன்னாலும், வாந்தியோடு மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்த மாத்திரை போடுகிறார் என்று சொல்லுங்கள்.

அப்புறம், மகளாக நீங்கள் அப்பாவிடம் கேட்கக் கூச்சப்படும் விஷயம் ஒன்று. அம்மாவையோ அண்ணன் தம்பியையோ விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிக்கலாம், சிவக்கலாம். சேற்றில் வேலை பார்த்துவிட்டு வந்ததும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த துணி கட்டினால் பெரும்பாலும் வராது. வந்தாலும் களிம்பில் போய்விடும். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை ரகசியமாக நிறுத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. வயலுக்குப் போய் வந்த கால்களையும் தினம் ஒருவர் பார்க்க வேண்டும், 16 வருட சுகரில் முள் குத்தியதே தெரியாது.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாழ்நாள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை. 2020 அக்டோபரில் இந்தியாவில் டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை முடிந்தது, அதற்குப் பிறகு பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை நன்றாக இறங்கிவிட்டது. குறைந்த விலையில் நல்லது எது என்று சித்தப்பாவுக்குத்தான் தெரியும். இந்தப் பதிலை அவருக்கும் படிக்கக் கொடுங்கள். அந்த வலி மாத்திரை அட்டையை இனி அண்ணனுக்குக் கொடுப்பதில்லை என்று அவர் முடிவெடுத்தால், என்னால் இங்கிருந்து செய்ய முடியாத உதவி அது.

அடுத்த ரத்தப் பரிசோதனையை ஒரு மாதத்தில், அதே லேபில், வலி மாத்திரை குறைந்தது ஒரு வாரம் நின்ற பிறகு எடுங்கள். கிரியேட்டினினோடு பொட்டாசியமும் கேளுங்கள். டெல்மிசார்டன் போடுகிறவர்களுக்கு அது ஏறலாம், அளவு தெரியும் வரை அப்பா பொட்டாசியம் நிறைந்த இளநீரைக் குறைத்துக்கொள்ளட்டும். 1.8-ஐ ஒட்டியே நின்றால் நல்லது. 2.1-ஐத் தாண்டினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன். மூன்று மாதம் கழித்து ஆல்புமின் விகிதத்தையும் எடுத்து, மூன்றாவது பக்கத்தின் கடைசி வரியை நிழல் விழாமல் போட்டோ பிடித்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் சிறுநீரக மருத்துவர்